நகல் மின்சைக்கிள் கரைச்சல் கொடுத்தால் எங்கிருந்து தேடுவது

நீண்ட சமமான சீற், பெற்றோல் ராங்க் போல ஒரு பெட்டி, 20 அங்குலத்துக்கு 4 அங்குலப் பருத்த ரயர், முன்னால் உருண்டையான பெரிய விளக்கு. 2016இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சூப்பர்73 பரவலாக்கிய உருவம் இது. இன்று யாழ்ப்பாண றோட்டுகளில் இதே உருவத்தில் ஓடுபவற்றில் பல நகல்கள். சர்-ரான் லைட் பீ போலத் தோன்றுபவையும் அப்படித்தான். அசலில் மோட்டார் நடுவில் இருந்து பெல்ட்டாலும் செயினாலும் பின்சில்லைச் சுற்றும். நகலில் பெரும்பாலும் பின்சில்லின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை (ஹப் மோட்டார்) வைத்து விடுகிறார்கள். அதனால் அசலுக்குரிய கையேட்டையோ உதிரிப்பாகத்தையோ வைத்து நகலைத் திருத்த முடியாது.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நகலின் கொன்ட்ரோலர் (பற்றரியின் கரண்டை மோட்டாருக்கு அளவாக விடும் பெட்டி), டிஸ்பிளே, அக்சிலேற்றர், ஹப் மோட்டார் எல்லாம் பொதுச் சந்தைச் சாமான்கள். வோல்ட், அம்பியர், பிளக்கின் ஊசி எண்ணிக்கை மூன்றும் தெரிந்தால் மாற்றுப் பாகம் கிடைக்கும். ஆனால் ஸ்ரிக்கரில் இருக்கும் இலக்கத்தை நம்பி எதையும் வாங்கக் கூடாது, ஏனென்றால் நகலில் முதலில் பொய் சொல்வது ஸ்ரிக்கர்தான். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அளந்து பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

தேவையானவை: 200 வோல்ட் டி.சி. அளக்கும் மல்ரிமீற்றர், 18 மில்லிமீற்றர் ஸ்பனர், அலன் கீகள், இன்சுலேஷன் ரேப், வீட்டுத் தராசு. மோதிரம், காப்பு, உலோகப் பட்டிக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள். பற்றரியின் இரண்டு முனையும் ஒரு மோதிரத்தால் இணைந்தால் அது விரலோடு சேர்ந்து பழுக்கும்.

முதலில்: உங்களிடம் இருப்பது என்ன பற்றரி

“48 வோல்ட்” என்று எழுதியிருந்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். 12 வோல்ட் ஈய-அமிலப் பற்றரி நான்கு. சார்ஜர் 58 முதல் 59 வோல்ட் வரை போகும். லிதியம்-அயன் செல் 13 தொடராக. முழுச் சார்ஜ் 54.6 வோல்ட். லிதியம் இரும்பு பொஸ்பேற்று 16 தொடராக, 58.4 வோல்ட். மூன்றுக்கும் சார்ஜர் பிளக் ஒரே மாதிரி இருக்கலாம். 60 வோல்ட் என்றால் ஈய-அமிலம் ஐந்து, அல்லது லிதியம்-அயன் 16 தொடர் (67.2), அல்லது 17 தொடர் (71.4). 72 வோல்ட் என்றால் ஈய-அமிலம் ஆறு, அல்லது லிதியம்-அயன் 20 தொடர் (84.0).

வெஸ்பா உருவத்தில் வரும் மலிவு ஸ்கூட்டர்களில் “கிரஃபீன் பற்றரி” என்று அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஈய-அமிலம்தான். 12 வோல்ட் 20 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று ஏறத்தாழ 7 கிலோ இருக்க வேண்டும். 5 கிலோ காட்டினால் உள்ளே 20 இல்லை.

கண்டுபிடித்ததை ஒரு துண்டு ரேப்பில் எழுதி, பற்றரியிலும் சார்ஜரிலும் ஒட்டுங்கள். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இது கட்டாயம்.

சாவி போட்டாலும் உயிர் இல்லை

பற்றரியைக் கழற்றி அதன் வாயிலேயே அளவுங்கள்.

பூச்சியம் காட்டினால் பற்றரிப் பெட்டியில் இருக்கும் பட்டை பியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 30 அம்பியர். பியூஸ் நன்றாக இருந்தால் பி.எம்.எஸ். (பற்றரிக்குள் செல்களைக் காக்கும் மின்சுற்று) காப்புக்குப் போய் வாயை மூடியிருக்கலாம். சார்ஜரில் ஐந்து நிமிடம் போட்டு மறுபடி அளந்தால் பெரும்பாலும் திரும்பி வரும். வந்ததும் நிம்மதி அடையாமல், அது ஏன் மூடியது என்பதைக் கீழே “முறுக்கினால் அணைகிறது” பகுதியில் சொன்னபடி தேடுங்கள்.

பற்றரி வாயில் சரியான வோல்ட் இருந்து வண்டிப் பக்கம் வராவிட்டால், பற்றரி அமரும் தட்டின் பட்டைத் தொடுமுனை தளர்ந்திருக்கும் அல்லது பச்சை பிடித்திருக்கும். அதுவும் இல்லையென்றால் சாவிப் பூட்டு. பூட்டின் பின்னால் வரும் இரண்டு மெல்லிய வயர்களையும் சிறிது நேரம் இணைத்துப் பாருங்கள். டிஸ்பிளே எரிந்தால் பூட்டை மாற்றினால் போதும். வயர்கள் தடிப்பாக இருந்தால் கை வைக்காதீர்கள். மிக மலிவான நகல்களில் மோட்டாருக்குப் போகும் முழுக் கரண்டையும் சாவிப் பூட்டுக்குள்ளால் விட்டிருப்பார்கள். அந்தப் பூட்டு எரிவதற்கென்றே வைத்தது. அதை மெல்லிய வயர் வழிக்கு மாற்றி, தடித்த வழியில் ஒரு டி.சி. பிரேக்கர் போட வேண்டும்.

டிஸ்பிளே எரிகிறது, சில்லு சுற்றவில்லை

மலிவு டிஸ்பிளேக்கள் பலவற்றில் வரும் பிழை இலக்கம் 21 என்றால் கரண்ட், 22 அக்சிலேற்றர், 23 மோட்டார்ப் பேஸ் (மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்), 24 ஹோல் சென்சர் (மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று காந்தத்தால் அறிவது), 25 பிரேக், 30 தொடர்பு. இலக்கம் எதுவும் வராவிட்டாலும் தேடும் ஒழுங்கு ஒன்றுதான்: செலவில்லாததில் இருந்து தொடங்குவது.

முதலில் இரண்டு பிரேக் லீவரின் சுவிச் பிளக்கையும் கழற்றுங்கள். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிச் அது. லீவரின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ தூசும் உப்பும் சேர்ந்தாலோ, பிரேக் பிடித்தபடியே இருப்பதாகக் கொன்ட்ரோலர் நினைத்துக் கொள்ளும். கழற்றியதும் சில்லு ஓடினால் பிழை அங்கேதான். கழற்றியபடியே றோட்டில் ஓடக் கூடாது.

அடுத்தது அக்சிலேற்றர். மூன்று வயர்: சிவப்பு, கறுப்பு, சிக்னல். சாவி போட்டபடி கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் 5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். சிக்னல் வயர் முறுக்காமல் 0.8, 0.9 வோல்ட்டும் முழுதாக முறுக்கும்போது 3.6 முதல் 4.2 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். முறுக்காமலே 1.2, 1.5 என்று நின்றால் உள்ளே இருக்கும் காந்தம் நகர்ந்திருக்கிறது. பல கொன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காக அதை ஏற்காது. ஏற்கும் கொன்ட்ரோலராக இருந்தால் சாவி போட்டவுடனே வண்டி பாயும், அது இன்னும் ஆபத்து. அக்சிலேற்றரைத் திருத்த முயலாமல் புதிதாகப் போடுங்கள்.

சிவப்பில் 5 வோல்ட்டே இல்லையென்றால் அவசரப்பட்டுக் கொன்ட்ரோலரைக் குற்றம் சொல்லாதீர்கள். அதே 5 வோல்ட்டில்தான் ஹோல் சென்சரும் ஓடுகிறது. மோட்டாரின் ஹோல் பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். வோல்ட் திரும்பி வந்தால் மோட்டார் வயரில்தான் எங்கோ ஷோர்ட்.

உதறுகிறது, கறகறக்கிறது, தள்ளிவிட்டால் மட்டும் ஓடுகிறது

ஹோல் சென்சர் ஒன்று போனதன் குணம் இது. மோட்டாரில் இருந்து தடித்த வயர் மூன்றும் (மஞ்சள், பச்சை, நீலம்) மெல்லிய வயர் ஐந்தும் வரும். சாவி போட்டு, மீற்றரின் கறுப்பு முனையை மெல்லிய கறுப்பில் வைத்து, சில்லை மிக மெதுவாகக் கையால் சுற்றியபடி மெல்லிய மஞ்சள், பச்சை, நீலத்தை ஒவ்வொன்றாக அளவுங்கள். மூன்றும் பூச்சியத்துக்கும் 5 வோல்ட் அளவுக்கும் இடையில் மாறி மாறிப் போக வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்தச் சென்சர் செத்தது, அல்லது அதன் வயர் அச்சுக்கு அருகில் அறுந்தது. மோட்டாரைத் திறந்து மாற்றுவதென்றால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று வெப்பத்தால் போனால் மற்றவையும் அதே வெப்பத்தில்தான் இருந்தவை.

சில்லைக் கையால் சுற்றவே இறுக்கமாக, இடறி இடறி வந்தால் அது வேறு பிழை. பற்றரியைக் கழற்றி, தடித்த மூன்று வயரையும் கொன்ட்ரோலரில் இருந்து பிரியுங்கள். இப்போது சில்லு இலேசாகச் சுற்றினால் கொன்ட்ரோலருக்குள் மொஸ்ஃபெட் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின்னணுச் சுவிச்) ஷோர்ட். பிரித்த பிறகும் இறுகினால் மோட்டார் வயர் உள்ளே ஒட்டியிருக்கிறது. பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார் முன்னுக்கு எப்போதும் இலேசாகத்தான் ஓடும், ஆகவே இந்தச் சோதனைக்கும் மேலே சொன்ன ஹோல் சோதனைக்கும் பின்னுக்குச் சுற்றுங்கள். இதை மறந்து நல்ல கொன்ட்ரோலரைக் குப்பையில் போட்டவர்களும், கெட்டதை வைத்துக்கொண்டு மோட்டார் வாங்கியவர்களும் உண்டு.

புதுக் கொன்ட்ரோலர் வாங்கும்போது வாற் கணக்கைப் பார்க்காமல் அம்பியரைப் பாருங்கள். 48 வோல்ட்டில் 22 அம்பியர் என்றால் உச்சம் 1,056 வாற். “1000 வாற் மோட்டார்” என்று பல நகல்கள் விற்பது இந்த உச்சத்தைத்தான். பழையதற்கு மேலான அம்பியர் போட்டால் மெல்லிய பேஸ் வயரும் மலிவுப் பற்றரியும் தாங்காது. 48 வோல்ட் கொன்ட்ரோலரில் பெரும்பாலும் 63 வோல்ட் கப்பாசிற்றர் இருக்கும், 67.2 வோல்ட் ஏறும் 60 வோல்ட் பற்றரியை அதில் செருகினால் கப்பாசிற்றர் வெடிக்கலாம்.

வயர் நிறம் பொருந்தினாலும் ஓட்டம் பொருந்தாமல் போகலாம். “செல்ஃப் லேர்ன்” எனப்படும் தனி வயர்ச் சோடி இருந்தால் சில்லைத் தூக்கி வைத்து, அதை இணைத்துச் சாவி போடுங்கள். மோட்டார் தானே சுற்றிச் சரியான ஒழுங்கைக் கண்டுபிடிக்கும். முன்னுக்குச் சுற்றியதும் பிரித்து விடுங்கள்.

முறுக்கினால் அணைகிறது, முன்புபோலத் தூரம் ஓடவில்லை

பற்றரி முழுச் சார்ஜில் 54 வோல்ட் காட்டலாம். அது ஒன்றையும் நிரூபிக்காது. பாரம் ஏற்றிய நேரத்தில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் பற்றரியின் நாடி. டிஸ்பிளேயில் வோல்ட் காட்டும் வசதி இருந்தால் நேரான, வெறுமையான றோட்டில் நின்ற நிலையில் இருந்து முழுதாக முறுக்குங்கள். 48 வோல்ட் லிதியத்தில் 3, 4 வோல்ட் இறங்கினால் இயல்பு. 7 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் செல்கள் களைத்துவிட்டன, அல்லது தொடக்கத்தில் இருந்தே போதவில்லை. இறக்கம் 39 முதல் 42 வோல்ட் அளவைத் தொடும்போது கொன்ட்ரோலர் தானே நிறுத்தும். “ஏற்றத்தில் அணைகிறது, நின்றால் வருகிறது” என்பதன் காரணம் இதுதான். நம் குடாநாடு தட்டை நிலம். இங்கேயே அணைகிறதென்றால் மலைநாட்டில் அந்த வண்டி நகராது.

ஸ்ரிக்கரில் 20 அம்பியர்-மணி என்று இருந்தால் மூன்று விதமாகச் சோதிக்கலாம், மூன்றும் செலவில்லாதவை.

தராசு: 18650 (18 மில்லிமீற்றர் குறுக்கும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளை லிதியம் செல்) ஒன்று 45 முதல் 48 கிராம். மிகச் சிறந்த 18650இன் கொள்ளளவு ஏறத்தாழ 3.5 அம்பியர்-மணி, மலிவுப் பெட்டியில் இருப்பது 2 முதல் 2.5. இந்த மலிவு செல்லால் 48 வோல்ட்டில் 20 அம்பியர்-மணி கட்டக் குறைந்தது 104 செல் வேண்டும், செல் மட்டுமே ஏறத்தாழ 5 கிலோ. நல்ல செல்லால் கட்டினாலும் 78 வேண்டும். பெட்டியோடு சேர்த்து 4 கிலோவுக்குக் குறைந்தால் உள்ளே 20 இல்லை. 3 கிலோ காட்டினால் பெரும்பாலும் 52 செல், அதாவது 10 அம்பியர்-மணி.

மணிக்கூடு: வண்டி தானே நிற்கும்வரை ஓட்டி, 2 அம்பியர் சார்ஜரில் போட்டுப் பச்சை விளக்கு வரும்வரை நேரம் பாருங்கள். 20 என்றால் 10 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்க வேண்டும். 5, 6 மணியில் முடிந்தால் பாதிதான் இருக்கிறது.

வீட்டு மின்மானி: குளிர்சாதனப் பெட்டியும் மற்றவையும் நிறுத்தி, சார்ஜருக்கு முன்னும் பின்னும் மானியைக் குறியுங்கள். 48 வோல்ட் 20 அம்பியர்-மணி என்பது 960 வாற்-மணி. சார்ஜரின் வீணையும் சேர்த்தால் ஏறத்தாழ 1.1 அலகு ஓட வேண்டும். 0.6 அலகில் நின்றால் விற்றவரிடம் காட்டக் கையில் கணக்கு இருக்கிறது.

பற்றரியைப் பழிக்க முன் காற்றையும் யோசியுங்கள். சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் ஓடும். 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது 20 கிலோமீற்றர் எதிர்காற்று அடித்தால், காற்றுத் தடை 30இன் வர்க்கத்தில் இருந்து 50இன் வர்க்கத்துக்கு ஏறும், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பருத்த ரயர் வண்டி சாதாரணமாகக் கிலோமீற்றருக்கு 15 முதல் 20 வாற்-மணி தின்னும். உண்மையான 10 அம்பியர்-மணியில் யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை வரையான ஏறத்தாழ 33 கிலோமீற்றரை எட்டுவதே சந்தேகம். திரும்பி வர எண்ணக் கூடாது. ரயரில் காற்றுக் குறைந்தாலும் இதே குணம் வரும். 4 அங்குல ரயருக்குத் தார் றோட்டில் 20 முதல் 25 பி.எஸ்.ஐ., ஆனால் ரயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்சத்தைத் தாண்டாமல்.

பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர், 13 தொடர் பற்றரியின் பி.எம்.எஸ். பிளக்கில் வரும் 14 மெல்லிய வயர்களை அடுத்தடுத்த சோடியாக அளக்கலாம். முழுச் சார்ஜில் எல்லாம் 4.15க்கும் 4.20க்கும் இடையில் இருந்தால் நல்லது. ஒரு தொகுதி மட்டும் 0.2 வோல்ட் குறைந்தால் அந்தத் தொகுதிதான் முழு வண்டியையும் நிறுத்துகிறது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன தொகுதி உள்ள பற்றரியைச் சார்ஜில் போடாதீர்கள். பழைய மடிக்கணினியில் கழற்றிய செல்லை இடையில் சேர்த்து ஒட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வலிமை வேறுபட்ட செல்கள் ஒரு தொடரில் இருந்தால் பலவீனமானது ஒவ்வொரு முறையும் அளவுக்கு மேல் ஏறி, அளவுக்குக் கீழே இறங்கும்.

ஈய-அமிலமாக இருந்தால், ஓட்டி முடித்த உடனே ஒவ்வொன்றாக அளவுங்கள். மூன்று 12.2 காட்ட ஒன்று 10.8 காட்டினால் அதுதான் நோயாளி. மூடியைக் கிளப்பித் தண்ணீர் விடும் வழக்கம் இங்கே இருக்கிறது. மூடப்பட்ட பற்றரிக்கு அது செய்வதல்ல. செய்தே ஆகவேண்டும் என்பவர்களும் கிணற்றுத் தண்ணீரை விடாதீர்கள். நம் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரில் கல்சியம் நிறைய, அது தட்டுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.

சார்ஜர்: உடனே பச்சை, அல்லது ஒருபோதும் பச்சை இல்லை

பற்றரியில் செருகாமல் சார்ஜரின் வெளிவாயை அளவுங்கள். 13 தொடருக்கு 54.6 வரவேண்டும், 0.3 கூடக் குறையப் போகலாம். 58க்கு மேல் காட்டினால் அது உங்கள் பற்றரிக்குரியதல்ல, பற்றரியில் செருகவே செருகாதீர்கள். நல்ல பி.எம்.எஸ். செல்லுக்கு 4.25 வோல்ட் அளவில் வெட்டிவிடும். மலிவு பி.எம்.எஸ்.ஸில் அந்தக் காவல் சில வேளை ஷோர்ட்டாகிச் செத்துக் கிடக்கும், வெளியில் எந்த அறிகுறியும் இராது. நகல் மின்சைக்கிளில் நெருப்புப் பிடிப்பதற்கான முதல் வழிகளில் ஒன்று இந்தப் பொருந்தாச் சார்ஜர்.

வோல்ட் சரியாக இருந்தும் செருகியவுடன் பச்சை எரிந்தால் கரண்ட் பற்றரிக்குள் போகவில்லை: சார்ஜ் வாயின் சிறு பியூஸ், உடைந்த ஊசி, அல்லது பி.எம்.எஸ். காவல். இரவு முழுதும் சிவப்பு எரிந்து, பெட்டியும் சூடாக இருந்தால் ஒரு தொகுதி நிரம்ப மறுக்கிறது. அப்படிப்பட்ட பற்றரியை இரவில் விடாதீர்கள்.

சார்ஜ் செய்வது விறாந்தையில், சீமெந்துத் தரையில், கண் படும் இடத்தில். ஓலை வேலி, கிடுகு, விறகு, எரிவாயுச் சிலிண்டர் பக்கத்தில் வேண்டாம். வெளியே ஓடும் கதவை மறித்தும் வேண்டாம். கரண்ட் நின்றால் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து நிமிடத்துக்குப் பிறகு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் செருகியே வைக்காதீர்கள்.

பெட்டி வீங்கினாலோ, நெயில் பொலிஷ் போல இனித்த வாசம் வந்தாலோ, சார்ஜ் இல்லாமலே சூடானாலோ, திருத்தும் வேலை அங்கே முடிந்தது. வெளியே திறந்த மணல் நிலத்தில் தனியாக வையுங்கள். புகை வந்தால் கிட்டப் போகாமல் ஆட்களை விலக்கி, மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவை அழையுங்கள்.

பிளக் உருகுகிறது

மஞ்சள் எக்ஸ்டி60 பிளக்கின் நகலில் ஊசி மெல்லியது, பிடி தளர்ந்தது. தளர்ந்த இடத்தில் தடை, தடை இருக்கும் இடத்தில் சூடு, சூட்டில் பிடி இன்னும் தளரும். உருகியதைச் சுரண்டிப் போடாமல் இரண்டு பக்கமும் அதைவிடப் பெரிய எக்ஸ்டி90க்கு மாற்றுங்கள். வயரும் கறுத்திருந்தால் செம்பு மினுங்கும் இடம்வரை வெட்டிய பிறகே ஈயம் வையுங்கள்.

மழைக்குப் பிறகு

பின்சில்லின் அச்சுக்குள்ளால் போகும் மோட்டார் வயர்தான் தண்ணீரின் வாசல். வயரை அச்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினால் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். வெள்ளத்தில் அச்சுவரை இறக்கியிருந்தால் சாவி போடாமல், பற்றரியைக் கழற்றி, பிளக்குகளைத் திறந்து இரண்டு நாள் காயவிடுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர்கள் பிளக் ஊசிகளில் சிலிக்கன் கிறீஸ் பூச வேண்டும். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீர் கொன்ட்ரோலர்ப் பெட்டிப் பக்கம் போகவே கூடாது.

பின்சில்லு ஆடுகிறது, கம்பி அறுகிறது, சட்டம் முனகுகிறது

அச்சு நட் 40 நியூட்டன்-மீற்றர் அளவில் இறுக வேண்டும். அச்சின் இரண்டு தட்டைப் பக்கங்களும் சட்டத்தின் பிளவில் அசையாமல் உட்கார வேண்டும். பிளவு மெல்லிய அலுமினியமாக இருந்தால் மோட்டார் முறுக்கில் அச்சே சுழன்று, வயரைச் சுருட்டி அறுத்துவிடும். 5, 6 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டில் வெட்டிய ரோர்க் ஆர்ம் ஒன்றை அச்சில் மாட்டிச் சட்டத்தோடு பூட்டினால் இது வராது. நகல் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

கம்பிகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை விரலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் தருவது தளர்ந்தது. ஒன்று அறுந்தால் பக்கத்தில் உள்ளவையும் சீக்கிரம் அறும்.

கழுத்துக் குழாய் சட்டத்தோடு சேரும் ஒட்டிலும், சீற்றின் கீழ் ஒட்டிலும் வண்ணத்தில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்புச் சட்டம். கெட்டிக்கார வெல்டர் திருத்தலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம். 6061 போன்ற அலுமினியம் சூட்டுப் பதம் ஏற்றியே வருகிறது. வெல்டிங் பிடித்த இடத்தில் அந்தப் பதம் போய், வலு ஏறத்தாழ பாதியாகும். வெளியே பார்க்க அழகாக மூடியிருக்கும், கழுத்து மறுபடி அதே இடத்தின் ஓரத்தில் வெடிக்கும். கழுத்தில் வெடித்த அலுமினியச் சட்டத்தை ஒட்டாதீர்கள். மோட்டார்ச் சில்லு, கொன்ட்ரோலர், பற்றரி மூன்றையும் கழற்றி வேறு சட்டத்துக்கு மாற்றுங்கள். பின்பிளவின் அகலத்தை அளந்து கொண்டு போங்கள். பருத்த ரயர்ச் சட்டங்களில் அது 135, 170, 175, 190 மில்லிமீற்றர் என்று மாறும்.